ரோதை நின்ற ஸ்டோர்

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஸ்டோர் மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. (தேயிலைத் தொழிற்சாலையை இலங்கை மலையகத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.) பக்கத்துத் தகரம் பாதி இல்லை. கொழுந்து வாட்டிய மேல்மாடிப் பலகைகள் யார் யார் வீட்டு அடுப்பிலோ எரிந்துவிட்டன. ஆனால் கீழே ரோதைமுனிக்கு நட்ட கல்லில் குங்குமம் புதிதாக இருந்தது. ரோதை என்றால் சக்கரம். மெஷினில் கை கால் சிக்காமல் காப்பாற்றுகிற சாமி. மெஷினே இல்லாத இடத்தில் இன்னும் யாரோ அதற்கு விளக்கு வைக்கிறார்கள்.

இப்போது அந்த ஸ்டோரை ஓட்டலாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. நான் அதற்கு எதிரி இல்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோர் ஓட்டலானதால்தான் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் பாழடைந்து கிடந்து, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறந்தது. நல்லதுதான். ஆனால் இப்படிப் புதுப்பிக்கிற பேச்சு வரும்போதெல்லாம் ஸ்டோருக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடக்கும் சின்ன அறையை யாரும் கேட்பதில்லை. ஸ்டோருக்கு உயிர் கொடுத்ததே அந்த அறைதான்.

மேலே ஓடையை மறித்து ஒரு சின்னக் கட்டு. அங்கிருந்து மலையை ஒட்டியே ஒரு கான், அதாவது வாய்க்கால். கான் முடிகிற இடத்தில் தொட்டி, தொட்டியிலிருந்து சரிவில் இறங்குகிற இரும்புக் குழாய். அடியில் அந்தச் சின்ன அறை, அதற்குள் டர்பைன். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு இங்கிலாந்தின் கெண்டால் ஊரிலிருந்து கில்க்ஸ் கம்பனியின் டர்பைன்கள் நிறைய வந்து இறங்கின. தண்ணீர் அடிக்கிற வேகத்தில் சக்கரம் சுற்றும், அது பெல்ட்டை இழுக்கும், பெல்ட் கொழுந்து உருட்டும் ரோலரைச் சுற்றும். பிறகு ஜெனரேட்டர் வைத்து லைட்டும் எரித்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சொந்தத் தண்ணீரில் ஓடின.

என் தாத்தாவுக்குக் கானில்தான் வேலை. விடியுமுன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கான் நெடுக நடந்து இலை, சருகு, மண்ணெல்லாம் வாரிப் போட வேண்டும். ஒரு நாள் தவறினால் ரோலர் நிற்கும், துரை கத்துவார். அவர் துப்புரவாக்கிவிட்ட தண்ணீரில் ஸ்டோரில் லைட் எரிந்தது, பங்களாவில் எரிந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் குப்பி லாம்புதான். அப்பா அந்தப் புகையில்தான் படித்தார். இதை எழுதும்போது இன்னும் தொண்டை அடைக்கிறது.

லக்சபானவில் பெரிய நீர்மின் நிலையம் கட்டலாம் என்று இன்ஜினியர் விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 1950இல் அது ஓடத் தொடங்கியது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. மலைத் தண்ணீரில் கொழும்பு வெளிச்சமானது, பக்கத்து லயங்களுக்குக் கரண்ட் வர இன்னும் பல வருடம் பிடித்தது. அரசாங்கக் கம்பி ஸ்டோருக்கு வந்ததும் தோட்டத்து டர்பைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. 1972லும் 75லும் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு எங்கள் பக்கம் அவற்றைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. எங்கள் குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது டர்பைனைத் திரும்பவும் சுற்றவிட்டால் என்ன கிடைக்கும்? செக்கனுக்கு 50 லீற்றர் தண்ணீர், 60 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வையுங்கள். உராய்விலும் மெஷினிலும் போவது போக ஏறத்தாழ 17 கிலோவாட் மிஞ்சும். நூறு வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 150 வாட்டுக்கு மேல். கேத்தல் வைக்க முடியாது. லைட்டு, டிவி, போன் சார்ஜ், பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் ஓடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதும் அந்த ஓடை ஸ்டோரைத் தாண்டிச் சும்மாதான் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் குறையும், உண்மை. ஆனால் அந்த மாதங்களில்தான் வெயில் நன்றாக அடிக்கும். ஸ்டோர் கூரை அவ்வளவு பெரிது, சோலர் பலகைக்கு இடம் தேட வேண்டியதில்லை.

இது கனவு இல்லை. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்கள் 1990களிலிருந்து இதைச் செய்தன. சிரமதானமாக, கூலியில்லாமல் ஊரே கூடிக் கான் வெட்டி, மின் பாவனையாளர் சங்கம் வைத்து, தாங்களே கரண்ட் எடுத்தார்கள். அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட திட்டங்கள் வந்தன. நம் ஆட்களுக்குக் கான் வெட்டத் தெரியாதா? தலைமுறை தலைமுறையாக அதுதானே வேலை. ஓடையும் நம்முடையதில்லை, நிலமும் இல்லை, குடியிருக்கிற காம்பரா என்கிற லயத்து அறையும் இல்லை. நமக்கு மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அதனால்தான் இந்த ஓட்டல் பேச்சை விட்டுவிடக் கூடாது என்கிறேன். டர்பைன் அறையையும் கானையும் சேர்த்தே புதுப்பிக்கட்டும். ஆனால் அது லயத்து ஆட்களின் சங்கத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஓட்டல் தன் கரண்டை அந்தச் சங்கத்திடம் காசு கொடுத்து வாங்கட்டும். இங்கிலாந்தில் நியூ மில்ஸ் என்ற ஊரில், எரிந்துபோன பழைய பஞ்சாலை ஒன்றின் தடுப்பணையில் 2008இல் திருகு போன்ற ஒரு டர்பைன் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் பங்கு வாங்கி முதலாளிகள் ஆனார்கள். அதன் பெயர் டோர்ஸ் ஹைட்ரோ. மலையகத்தில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் எத்தனையோ வந்துவிட்டன, லயத்து ஆள் பங்குதாரராக இருக்கிற ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லயங்களையும் பாரம்பரியம் என்று காப்பாற்றச் சொல்லவில்லை. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகாக் தோட்டத்தில் ஒரு லயம் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. எல்லோரும் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மற்ற லயங்களை இடித்துவிட்டு ஆளுக்கொரு துண்டுக் காணியும் வீடும் கொடுக்க வேண்டும். ரோலரைத் துடைத்து வார்னிஷ் அடித்துக் கண்ணாடிக்குள் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அதைச் சுற்றவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் பத்தடிக் காம்பராவில் இருப்பதும் தெரிய வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் குழாய் எந்த வழியாக இறங்கியது என்று காட்டக்கூடியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. அடுத்த போயாவுக்கு (பௌர்ணமி லீவுக்கு) அவர்களைக் கூட்டிக்கொண்டு கான் நெடுக நடந்து, கட்டு இருந்த இடத்தையும் தொட்டி இருந்த இடத்தையும் குறித்து வரப்போகிறோம். உங்கள் ஸ்டோரிலும் ரோதை மிச்சம் இருந்தால் போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள், தோட்டத்துப் பெயரையும் எழுதுங்கள்.