கையால் மாற்றிப் போட்டதுதான் வசதி

பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மிஷினில் துணியைத் துவைக்கும் தொட்டியிலிருந்து, சுழற்றிப் பிழியும் ட்ரையர் தொட்டிக்குக் கையால் எடுத்துப் போட வேண்டியிருந்ததை, வாஷிங் மிஷின் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை பெரிய குறையாகச் சொல்கிறது. சேலத்தில் எங்கள் வீட்டுக்கு அதுதான் வசதி. மேட்டூர்த் தண்ணீர் தினமும் வராது. அம்மா ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை வேட்டி, அப்புறம் கலர் துணி, கடைசியில் கால்மிதி என்று மூன்று ஈடு எடுத்துவிடுவார். முழு ஆட்டோமேட்டிக்கில் இது நடக்குமா? ஒவ்வொரு தடவையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் கேட்கும்.

பழைய மிஷினின் டைமர், சாவி கொடுக்கும் ரகம். திருகிவிட்டால் டிக் டிக்கென்று பூஜ்யத்துக்கு வரும். நடுவில் கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடி முடிந்துவிடும். துணி மட்டும் துவைபடாமல் ஊறிக்கொண்டிருக்கும். ட்ரையரில் ஈரத்துணியை ஒருபக்கமாகத் திணித்தால் மிஷினே குதித்து நகரும். உடனே மூடியைத் தூக்க வேண்டும், பிரேக் பிடித்து நிற்கும். மோட்டார் உர்ரென்று உறுமிச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர்தான் பழுது, மாற்றினால் சரி.

ஏற்காட்டில் சித்தி வீட்டில் அப்படியொரு பழைய மிஷின் இன்னும் ஓடுகிறது. துவைப்பது என்னவோ கல்லில்தான்! மூடுபனி மாதங்களில் துணி காயாது என்று ட்ரையருக்காகவே வைத்திருக்கிறார். துவைக்கும் தொட்டியில் பழைய செய்தித்தாள் கிடக்கிறது.