பழைய செஸ்னா சிறு விமானத்துக்கு இடுப்பு பெல்ட் போதுமா?

"அமெரிக்காவில் 1978-க்கு முன் தயாரான சிறு விமானங்களுக்குத் தோள் பெல்ட் கட்டாயமில்லை, அதனால் இடுப்பு பெல்ட்டே போதும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. விதியைப் பற்றிய பாதி பெரும்பாலும் சரி. 'போதும்' என்பதுதான் தவறு, ஆபத்தான தவறு.

இடுப்பு பெல்ட் மட்டும் போட்டிருந்தால், மோதும்போது மேலுடல் முன்னால் மடிந்து தலை கருவிப் பலகையில் இடிக்கும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1985-இல் விபத்துகளை ஆராய்ந்து, இறந்தவர்களில் 20 சதவீதம் பேர் தோள் பெல்ட் இருந்தால் பிழைத்திருக்கலாம் என்றது.

சரி, எதை வாங்குவது? பிராண்டைவிட மாட்டும் இடத்தைப் பாருங்கள். பட்டை தோளிலிருந்து பின்னால் கிடையாகவோ சற்று மேல்நோக்கியோ போக வேண்டும். சீட்டுக்குப் பின்னால் தரையில் மாட்டினால், மோதும்போது அது தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை நசுக்கும். விமான மெக்கானிக்கிடம் காட்டாமல் துளை போடாதீர்கள்.