இந்தி பேசிய இப் மான்

போன ஞாயிறு அரை நாள் வேலை. செக்கிங் டேபிளில் கிடந்த பீஸ் கட்டின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து எங்கள் யூனிட்டின் பீகார் தம்பி படம் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் ‘இப் மான்’. சீனப் படம், இந்தி டப்பிங். “உட்காருங்க அண்ணா” என்றான். உட்கார்ந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரனுக்கு இருக்கும் இந்திதான் எனக்கும் இருக்கிறது. பீஸ் எண்ணலாம், ‘ஜல்தி’ சொல்லலாம், சம்பளப் பேச்சில் பாதி புரியும். ஆனால் இந்தப் படம் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தது, அதனால் கவலையில்லை.

டப்பிங் படம் பார்ப்பதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் என் நட்பு வட்டத்திலேயே நிறைய. ஒரிஜினல் குரலில், சப்டைட்டிலோடு பார்த்தால்தான் சினிமாவாம். சரி, குங்ஃபூ படத்துக்கு ஒரிஜினல் குரல் எது? எழுபதுகளில் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் போன்ற ஸ்டுடியோக்கள் பெரும்பாலான படங்களைப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு இல்லாமலேதான் எடுத்தன. வீட்டில் ஹாங்காங் பேச்சான கான்டனீஸ் பேசுகிற நடிகர் வாயசைப்பார், டப்பிங் அறையில் வேறொருவர் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் பேசுவார். 1971இல் வந்த ‘தி பிக் பாஸ்’ படத்தின் மாண்டரின் பிரதியில் புரூஸ் லீக்கே இரவல் குரல்தான். ஆங் லீ 2000இல் எடுத்த ‘க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தில் சொந்தக் குரலில் பேசினார்கள். அதில் நடித்த, மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோவுக்கு அப்போது மாண்டரின் வராது, வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். அந்த உச்சரிப்பைக் கேட்டுச் சீனாவில் சிரித்தவர்கள் உண்டு. ஆகவே ‘ஒரிஜினல் வாய்ஸ்’ என்று என்னிடம் யாரும் வராதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீன வீரக்கலைப் படம் ஆங்கிலத்தைவிட இந்திக்கும் தமிழுக்கும் நன்றாகப் பொருந்தும். காரணம் உறவுமுறை. ஆசானைக் கூப்பிடும் ‘ஷிஃபூ’ என்கிற சொல்லுக்குள்ளேயே தந்தை இருக்கிறார். ஒரே ஆசானிடம் முன்னால் சேர்ந்தவர் ‘ஷிஷியுங்’, அதாவது அண்ணன், வயதில் சின்னவராக இருந்தாலும் சரி. ஆசானோடு கூடப் படித்தவர்களில் அவருக்கு மூத்தவர் ‘ஷிபோ’, இளையவர் ‘ஷிஷூ’. நமக்கு இதைப் படம் வரைந்து காட்ட வேண்டாம். பெரியப்பா, சித்தப்பா, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இரண்டு பேரும் ‘அங்கிள்’. இந்தியில் தாவூ, சாச்சா என்று தனித்தனியாக இருக்கிறது. கூடப் படித்தவனுக்கு ‘குருபாய்’ என்ற சொல்லே தயாராக இருக்கிறது. நம்மிடமும் ‘ஒருசாலை மாணாக்கர்’ என்று பழைய சொல் உண்டு, ஆனால் அதைச் சண்டைப் படத்தில் சொன்னால் தியேட்டரில் விசில் பறக்கும். அது வேண்டாம். ‘ஆசான்’ என்றாவது சொல்லலாமே? கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை என்ற சண்டைக் கலையைச் சொல்லித் தருகிறவரை இன்றைக்கும் ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழ் டப்பிங்கில் நான் கேட்டதெல்லாம் ‘மாஸ்டர்’தான்.

படத்துக்கு வருகிறேன். வில்சன் யிப் இயக்கி 2008இல் வந்தது. டானி யென் நடிக்க, சாமோ ஹங் சண்டை அமைத்தார். புரூஸ் லீக்குச் சொல்லிக்கொடுத்த நிஜ இப் மான் 1893இல் ஃபோஷானில் பிறந்தவர். படக்கதை பெரும்பாலும் கற்பனை. வடக்கிலிருந்து ஜின் என்று ஒருவன் ஃபோஷானுக்கு வந்து உள்ளூர் ஆசான்களை வரிசையாக அடித்துப் போட்டுவிட்டு இப் மான் வீட்டுக்கே வருகிறான். நடு வீட்டில் சண்டை, பாத்திரம் பண்டம் உடைகிறது. அப்போது இப் மானின் சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிளை உருட்டிக்கொண்டு நடுவில் வந்து, அப்பா இனியும் திருப்பி அடிக்காவிட்டால் வீட்டில் ஒன்றும் மிஞ்சாதாம், அம்மா சொல்லச் சொன்னாங்க என்கிறான். எந்த மொழியிலும் தோற்காத இடம் அது. தம்பி சத்தமாகச் சிரித்தான்.

அடி வாங்கிய ஜின், வடக்கத்திக் கலை தெற்கிடம் தோற்றுவிட்டது என்கிறான். இப் மான், இது வடக்கு தெற்குப் பிரச்சினை இல்லை, உன் பிரச்சினை என்கிறார். இதை இந்தியில் கேட்க வேண்டுமே! வடக்கத்தியான் இந்தி பேசுகிறான், சரி. தெற்கத்தியானும் அதே இந்தி. என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஜின்னுக்கு ஒரு ஹரியான்வி வாடையாவது கொடுத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. டப்பிங்மீது எனக்குள்ள நிஜமான கோபம் இதுதான். ஊர்ப் பேச்சைச் சலவை செய்து எல்லோரையும் ஒரே ஊர்க்காரனாக்கிவிடுகிறது. தமிழிலும் இதே கதைதான், சீனாவின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் வந்து இறங்குவது வடசென்னையில். தம்பி மட்டும் என்னைப் பார்த்து, “அண்ணா, சவுத் ஜெயிச்சிருச்சு” என்றான், தமிழில்.

அப்புறம் ஜப்பான்காரர்கள் வருகிறார்கள். ஜெயித்தால் ஒரு மூட்டை அரிசி என்று ஆசை காட்டிப் பசித்தவர்களை மோதவிடுகிறான் மியுரா என்ற தளபதி. நடுவில் மொழிபெயர்க்கிறவன் ஒரு சீனன். முன்பு போலீஸ்காரன், இப்போது ஜப்பான்காரர்களின் வாய். இப் மான் முறைப்பாகச் சொல்வதை அவன் அப்படியே சொல்வதில்லை, முனையை மழுக்கித்தான் சொல்கிறான். சொன்னபடி சொன்னால் எதிரில் நிற்கிற உயிர் போய்விடும். டப்பிங்காரருக்கு இது பெரிய தலைவலி. ஜப்பானியப் பேச்சை அப்படியே விட வேண்டும், இல்லையென்றால் இந்தியில் கேட்டதை இந்தியிலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டு அந்த ஆள் வெட்டியாக நிற்பான். நான் பார்த்த பிரதியில் என்ன செய்திருந்தார்கள் என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் நான் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் எங்கள் யூனிட்டில் அந்த வேலை அவனுடையது. ஐந்து வருடமாக இங்கே இருக்கிறான், தமிழ் நன்றாக வரும். புதிதாக வருகிற பையன்களிடம் முதலாளி கத்துவதை இந்தியில் சொல்வதும், அவர்கள் முணுமுணுப்பதை முதலாளிக்குத் தமிழில் சொல்வதும் அவன்தான். போன மாதம் பீஸ் ரேட் தகராறில் முதலாளி முழுதாக ஒரு நிமிடம் திட்டினார். எழுத முடியாத திட்டு. தம்பி தலையாட்டிக் கேட்டுவிட்டு, பையன்கள் பக்கம் திரும்பி மூன்றே சொல்லில் முடித்தான். பையன்களும் பேசாமல் மெஷினுக்குப் போனார்கள்.

படம் முடிந்ததும் கேட்டேன்: “அன்னைக்கு என்னடா சொன்ன அவனுங்ககிட்ட?”

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே சொன்னான், “முதலாளிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லைன்னு.”