கொக்கைத் திருத்திய கதை

போன வாரம் ஓசூரில் என் மகளின் பள்ளியில் கதை சொல்லும் நாள். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள். பெற்றோரும் வந்து சொல்லலாம் என்றார்கள், கொக்கும் நண்டும் கதைக்குப் பெயர் கொடுத்தேன். முதல் நாள் மாலை டீச்சர் போன் செய்தார். "கொக்கு மீனைத் தின்ற இடம் மட்டும் வேண்டாம் மேடம், குழந்தைங்க பயந்துடுவாங்க. கடைசியில சாரி சொல்லி ஃப்ரெண்ட் ஆயிடுச்சுன்னு முடிச்சிடுங்களேன்."

சரி என்றேன். மறுநாள் அப்படியே சொல்லியும் முடித்தேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கதையின் உயிரே பாறைமேல் கிடக்கிற மீன்முள் குவியல்தான். வேறு குளத்தில் விடுகிறேன் என்று ஒவ்வொரு மீனாகத் தூக்கிப்போய்த் தின்கிறது கொக்கு. நண்டு மட்டும் போகிற வழியில் கீழே பார்க்கிறது. முள்ளைப் பார்த்ததால்தான் கொக்கின் கழுத்தைக் கவ்வுகிறது, பிழைக்கிறது. முள்ளை எடுத்துவிட்டால் நண்டுக்குக் கதையில் வேலையே இல்லை.

என் பிறந்த ஊர் ஜவளகிரிப் பக்கம். கேழ்வரகு கதிர் முற்றும் நேரம் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் வந்து இறங்கும். ராத்திரியெல்லாம் பரணில் காவல், பட்டாசு, தகரம் தட்டுகிற சத்தம். அங்கே எட்டு வயதுப் பையன்கூட வழியில் கிடக்கிற லத்தியை, அதாவது யானைச் சாணத்தைப் பார்த்து, யானை இப்போதுதான் போயிருக்கிறது, இந்தப் பக்கம் வேண்டாம் என்று திரும்பிவிடுவான். யார் சொல்லிக் கொடுத்தது? எங்கள் ஆயா மாதிரி ஆட்கள்தான். ஆயா கதையில் இரண்டு பையன்கள் விறகுக்குப் போவார்கள். ஒருவன் லத்தியைப் பார்த்துத் திரும்பிவிடுவான். இன்னொருவன் வீடு வந்து சேர மாட்டான். நாங்கள் எத்தனை தடவை அழுது கெஞ்சியும் ஆயா அவனைக் காப்பாற்றியதே இல்லை.

1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாய் அவளைத் தின்றுவிடும், அதோடு கதை முடிந்தது. 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வேட்டைக்காரனைக் கொண்டுவந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து மீட்டார்கள். சிறுமியைத்தான் காப்பாற்றினார்கள், ஓநாயைச் சைவமாக்கவில்லை.

இதே பள்ளிதான் போன வருடம் பிள்ளைகளைக் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் நடுகற்களைக் காட்டியது. சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட கற்கள். பிள்ளைகள் வாளும் வில்லுமாகப் படம் வரைந்து வந்தார்கள். கல்லில் இருந்தால் வரலாறு, கொக்கு வாயில் இருந்தால் வன்முறை போலிருக்கிறது.

அதற்காக எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் என்று சொல்ல வரவில்லை. என் மகளுக்கு மூன்று வயதில் என் வீட்டுக்காரர் ஒரு பேய்க்கதை சொன்னார். அப்புறம் பத்து நாள் விளக்கை அணைக்க விடவில்லை. திட்டு வாங்கியது அவர்தான்.

பள்ளியில் கதை சொல்லிவிட்டு அன்று வண்டியில் திரும்பும்போது பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "அம்மா, நீ முள்ளைச் சொல்ல மறந்துட்டே."

மறக்கவில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.