மிட்டாய் மாதிரி விக்கிற போதைக்கு கடிவாளம் வேணும்

போன மாசம் டாலஸ்ல எங்க அக்கா வீட்டுல நடந்தது. அக்கா பையனுக்கு நாலு வயசு, சாயங்காலம் விளையாடிட்டு இருந்தவன் அப்படியே சோபாவுல சரிஞ்சுட்டான், தூக்கினா கழுத்து நிக்கல, கண்ணு பாதி தொறந்திருக்கு ஆனா கூப்பிட்டா திரும்பல. எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் எடுத்தவுடனே "வீட்டுல கஞ்சா இருக்கா"ன்னு கேட்டதும் அக்கா ஆடிப்போயிட்டா. அப்புறம்தான் தெரிஞ்சுது, வீட்டுக்கு வந்திருந்த ஒருத்தர் தூக்கம் வரலைன்னு கேஸ் ஸ்டேஷன்ல, அதான் பெட்ரோல் பங்க்ல, வாங்கின கம்மீஸ் (போதை சேத்த ஜெல்லி மிட்டாய்) பாக்கெட்ட டீபாய் மேலயே விட்டுட்டுப் போயிருக்கார், புள்ள அதுல ரெண்டு தின்னுருக்கான். காலைல அவன் தோசை கேட்டப்பதான் எங்களுக்கு உசிரு திரும்பி வந்துச்சு.

அந்தப் பாக்கெட்ட இன்னும் வச்சிருக்கேன். முன்னாடி பளபளன்னு தர்பூசணி படம், டெல்டா-8னு ஒரு பேரு, எச்சரிக்கை எல்லாம் பின்பக்கம் எறும்பு சைஸ்ல. ஊர்ல இருந்து வர்ற அப்பா அம்மா பாத்தா ஜெல்லி மிட்டாய்னுதான் வாயில போடுவாங்க.

அமெரிக்காவோட 2018 விவசாயச் சட்டம், ஃபார்ம் பில்தான் இதுக்கு வழி விட்டது. கஞ்சாவுல போதை குடுக்கிற சரக்கு டிஹெச்சி, அதுல முக்கியமான வகை டெல்டா-9. உலர்ந்த எடையில அந்த டெல்டா-9 டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மேல போகலைன்னா அந்தச் செடி ஹெம்ப், தடை பண்ண கஞ்சா இல்லைன்னு சொல்லிருச்சு. செடிக்கு அந்தக் கணக்கு சரி, மிட்டாய்க்கு? நாலு கிராம் கம்மீஸ்ல 0.3 சதவீதம்னா 12 மில்லிகிராம், பழக்கமில்லாத பெரியவங்களுக்கே தலை கிறுகிறுக்கும். வரம்பு டெல்டா-9க்கு மட்டும்தானேன்னு ஹெம்ப்ல இருக்கிற, போதை தராத சிபிடிய ஆசிட் போட்டு போதை தர்ற இன்னொரு டிஹெச்சியான டெல்டா-8ஆ மாத்தி விக்க ஆரம்பிச்சுட்டாங்க. 2021 ஜனவரில இருந்து 2022 பிப்ரவரிக்குள்ள டெல்டா-8னால பாய்சன் கன்ட்ரோலுக்கு (விஷ உதவி மையங்களுக்கு) வந்த கேஸ் 2,362, அதுல 41 சதவீதம் 18 வயசுக்குக் கீழன்னு அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே சொல்லுது.

டாலஸ் இருக்கிற டெக்சாஸ் மாநிலத்துல 2025ல இந்த மாதிரி சரக்குக்கு தடை போடுற பில் பாஸ் ஆச்சு, கவர்னர் அபாட் வீட்டோ பண்ணி அத நிறுத்திட்டார், அப்புறம் செப்டம்பர்ல 21 வயசு ஆகாதவங்களுக்கு விக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். நல்லதுதான், ஆனா எங்க வீட்டுல அத வாங்கினது 40 வயசுக்காரர். வயசு பாத்து வித்தா மட்டும் புள்ள தப்பிச்சிருக்குமா? பாக்கெட்டுக்குள்ள எவ்வளவு இருக்கலாம்னு கட்டுப்பாடு வேணும், குழந்தை கையால பிரிக்க முடியாத மூடி வேணும், மிட்டாய் வேஷம் கூடவே கூடாது.

2025 நவம்பர்ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு பாக்கெட்டுக்கு மொத்தமே 0.4 மில்லிகிராம் டிஹெச்சின்னு சட்டம் போட்டிருக்கு, 2026 நவம்பர்ல நடைமுறைக்கு வரணும். வலிக்கு இதத்தான் சாப்பிடுறோம், இனிமே எங்க போறதுன்னு கேக்குறவங்க கஷ்டம் எனக்குப் புரியுது, ஆனா டெக்சாஸ்லயே டாக்டர் எழுதிக் குடுத்து கஞ்சா மருந்து வாங்குற திட்டம் இருக்கு, 2025ல நாள்பட்ட வலியையும் அதுல சேத்துட்டாங்க. கம்பெனிக்காரங்க சட்டம் நடைமுறைக்கு வர்ற தேதிய தள்ளச் சொல்லி கேட்டுட்டு இருக்காங்க. நேத்து எங்க காங்கிரஸ் மெம்பர் ஆபீசுக்கு போன் பண்ணி தள்ளாதீங்கன்னு சொன்னேன், அஞ்சு நிமிஷம்கூட ஆகல. இங்க ஓட்டு இருக்கிறவங்க தயவுசெஞ்சு நீங்களும் ஒரு போன் போடுங்க.