சேர்க்கைப் பதிவேட்டை எடைக்குப் போடாதீர்கள்

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால்தான் நம்மூர்க் கல்லூரிகளுக்குத் தங்கள் வரலாறு ஞாபகத்துக்கு வரும். நிலம் கொடுத்தவர் யார், திறந்து வைத்த அமைச்சர் யார், முதல்வர்கள் பெயர்ப் பட்டியல் என்று அவசரமாக ஒரு பக்கம் தயாராகும். அங்கே படித்த பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

அந்த வரிகள் இருப்பது சேர்க்கைப் பதிவேட்டில். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து அரசுக் கல்லூரி ஒன்றில், சொந்தக்காரர் ஒருவரின் டி.சி. நகலுக்காகப் போனபோது ஒரு பழைய பதிவேட்டைப் புரட்ட வாய்த்தது. தையல் விட்டுப்போன பெரிய நோட்டு. 'தந்தையின் தொழில்' கட்டத்தில் மீன்பிடி, பனைத்தொழில், உப்பளக் கூலி, சங்கு வியாபாரம். ஒருவர் முன்பு படித்தது இலங்கையின் மன்னாரில். இன்னொருவருக்குச் சொந்த ஊர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறம் அங்கே மனிதர் வாழ முடியாது என்று அரசே அறிவித்துவிட்டது. பையன் அதையேதான் சொந்த ஊராக எழுதியிருக்கிறான். இந்த மாவட்டத்தின் கதையை இதைவிடச் சுருக்கமாக யார் எழுதிவிட முடியும்?

பல்கலைக்கழகத்தில் எல்லாம் இருக்குமே என்பார்கள். அங்கே மதிப்பெண் இருக்கும், அப்பாவின் தொழில் இருக்காது. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும்வரை இந்தப் பக்கமெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதே ஆண்டில்தான் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. நம் கல்லூரிகள் பிறகு அதன்கீழ் போயின. எழுபதுகளில் படித்தவருக்கு உண்மைத்தன்மைச் சான்று வேண்டுமென்றால் மதுரைப் பல்கலைக்கழகத்தைத்தான் கேட்க வேண்டும். 1978-ல் பிளஸ் டூ வந்ததும், பட்டப் படிப்புக்கு முன்பு கல்லூரியிலேயே படித்த புகுமுக வகுப்பு (பி.யு.சி.) வழக்கொழிந்தது. அதில் படித்துவிட்டுப் பட்டம் வரை போகாதவர்கள் இங்கே படித்தார்கள் என்பதற்குப் பல நேரம் இந்தப் பதிவேடுதான் சாட்சி.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் செப்பேடுகள் தப்பித்தன, செம்பு என்பதால். தாளை உப்புக்காற்றும் கரையானும் இராமபாணப் பூச்சியும் விட்டுவைக்காது. மிச்சத்தை, இடம் அடைக்கிறது என்று நாமே எடைக்குப் போட்டுவிடுகிறோம். (வெள்ளையடிக்கும் நாளில்தான் இது பெரும்பாலும் நடக்கும்.) ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. 2005-லிருந்து இருக்கிற சட்டம்.

பெரிய நிதி எல்லாம் வேண்டாம். ஈரம் ஏறாத ஓர் அறை, இரும்பு பீரோ, ஒரு ஸ்கேனர். வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இதையே புராஜெக்டாகக் கொடுக்கலாம். சாதி, மதிப்பெண் கட்டங்களைப் பொதுவில் வைக்கக் கூடாது, சரி. ஊர், தொழில், படித்த பள்ளி ஆகியவற்றைப் பெயரில்லாமல் தொகுத்து வெளியிடலாமே?

பழைய மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் கல்லூரி ஆண்டு மலர், ஹாஸ்டல் குரூப் போட்டோ, என்.சி.சி. சான்றிதழ் கிடந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்த வருஷம், எந்தக் கல்லூரி என்று மறக்காமல் எழுதுங்கள்.