நீலக் கண்ணழகியைச் சுட்டது யார்?

அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின்' பாட்டை உருகி உருகிப் பகிர்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். மழை பெய்தால் அந்தப் பாட்டு. பழைய காதலி ஞாபகம் வந்தால் அந்தப் பாட்டு. கல்யாண நாளுக்குக்கூட அதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது எந்த ஆல்பத்திலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் போனதோ, அந்த ஆல்பத்தில் அதைப் பாடுகிறவன் ஒரு கொலைகாரன். சற்று முன்புதான் தன் மனைவியையும் அவளோடு இருந்தவனையும் சுட்டுவிட்டு வந்திருக்கிறான்.

ஆல்பத்தின் பெயர் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்'. வெளிவந்தது 1975இல். கன்ட்ரி என்கிற அந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒரு கொலைகாரனுக்கு இவ்வளவு சலுகை கொடுத்த ஆல்பம் எது என்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் அபட் என்கிற சின்ன ஊரில் 1933இல் பிறந்தவர் வில்லி. கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் போய்ப் பாட்டெழுதிப் பெயர் வாங்கினார். பாட்ஸி க்ளைன் பாடிய 'க்ரேஸி', ஃபேரன் யங் பாடிய 'ஹலோ வால்ஸ்' இரண்டும் இவர் எழுதியவை, இரண்டும் 1961இல் வந்தவை. மற்றவர்கள் பாடினால் ஹிட், இவரே பாடினால் ஆள் இல்லை. இவர் தாளத்தில் உட்கார்ந்து பாட மாட்டார். ஒரு வரியைப் பின்தங்கித் தொடங்குவார், அடுத்த வரியில் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுவார், கடைசியில் எப்படியோ சரியான இடத்தில் வந்து நிற்பார். ஆர்சிஏ என்கிற இசைத்தட்டுக் கம்பெனி அந்தக் குரலைச் சுற்றி வயலின் கூட்டத்தையும் கோரஸையும் நிறுத்திப் பார்த்தது. எடுபடவில்லை. டென்னசியில் இருந்த வீடு தீப்பிடித்து எரிந்தது. (எரிகிற வீட்டுக்குள் ஓடிப்போய் கிட்டாரையும் கஞ்சாப் பொட்டலத்தையும் மீட்டு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எதை முதலில் எடுத்திருப்பார் என்பது உங்கள் ஊகத்துக்கு.) அப்புறம் டெக்சாஸுக்கே திரும்பி, ஆஸ்டினில் குடியேறி, முடி வளர்த்து, ஹிப்பிகளையும் கௌபாய் தொப்பிக்காரர்களையும் ஒரே அரங்கில் உட்கார வைத்தார். அட்லாண்டிக் கம்பெனிக்கு இரண்டு ஆல்பம் செய்தார். அவர்கள் நாஷ்வில் கடையை மூடியதும் கொலம்பியா கம்பெனிக்கு வந்தார். வரும்போது போட்ட நிபந்தனை ஒன்றுதான்: என்ன பதிவு செய்வது, எப்படிச் செய்வது என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவர் செய்தது, டல்லாஸ் பக்கத்தில் கார்லண்டில் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்குத் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு போய், சில நாட்களில், சுமார் 4,000 டாலர் செலவில் வேலையை முடித்ததுதான். அக்கா பாபி பியானோ. மிக்கி ரஃபேல் ஹார்மோனிகா. பால் இங்கிலிஷ் டிரம்ஸ், பீ ஸ்பியர்ஸ் பேஸ். வில்லியின் கையில் டிரிகர் என்று அவர் பெயர் வைத்திருக்கிற அந்த மார்ட்டின் கிட்டார். நைலான் நரம்பு போட்டு விரலால் வாசிக்க வேண்டிய கிளாசிக்கல் கிட்டார் அது. இவர் பிக் என்கிற சின்னத் தகட்டால் வாசித்து வாசித்தே அதன் பலகையில் ஓட்டை போட்டுவிட்டார்.

கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டு, இது வெறும் முன்மாதிரிப் பதிவுதானே, முழு வேலை எப்போது முடியும் என்கிற கணக்கில் பார்த்தார்களாம். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் கம்பெனிக்காரர்களைக் கிண்டல் செய்வது வழக்கம். நான் செய்ய மாட்டேன். அன்றைய கொலம்பியாவின் நாஷ்வில் என்றால் பில்லி ஷெரில். டாமி வைனட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' பாட்டைத் தயாரித்தவர். வயலின் எழும்பி எழும்பி வந்து நெஞ்சில் மோதும் அந்த ஒலிக்குப் பழகிய காதுக்கு இந்த ஆல்பம் தாளிக்காமல் இறக்கி வைத்த குழம்பாகத்தான் இருந்திருக்கும். சில இடங்களில் கிட்டாரும் குரலும் தவிர எதுவுமே இல்லை. ஒப்பந்தம் இருந்ததால் அப்படியே வெளியிட்டார்கள். கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம். விற்பனைக்கு 1976இல் கோல்ட் சான்று, 1986இல் டபுள் பிளாட்டினம் சான்று. பாடகராக வில்லிக்கு முதல் நம்பர் ஒன் பாட்டும் இதிலிருந்துதான் வந்தது. அதுதான் 'ப்ளூ ஐஸ்'.

ஆனால் அந்தப் பாட்டு அவர் எழுதியது இல்லை. ஃப்ரெட் ரோஸ் எழுதி, 1947இலேயே ராய் ஏகஃப் பாடிய பழைய பாட்டு. வில்லி அதை எடுத்து ஒரு கதைக்கு நடுவில் வைத்தார். என் வாதமெல்லாம் அந்த இடத்தைப் பற்றித்தான்.

இசைத்தட்டின் முதல் பக்கத்தை வரிசையாகக் கேளுங்கள். 1901ஆம் ஆண்டு. ஒரு போதகர். மனைவி பழைய காதலனோடு போய்விடுகிறாள். இவன் அழுகிறான், நடு ராத்திரியில் சிறுத்தை மாதிரி கத்துகிறான், குதிரைக்குச் சேணம் பூட்டிக் கிளம்புகிறான். ப்ளூ ராக் என்கிற ஊரில் அறை எடுத்துப் படுக்கிறான். நாம் நினைப்பது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான். அன்று மாலை ஒரு மதுக்கடையில் அவர்களைக் கண்டுபிடிக்கிறான். அவன் உள்ளே வரும்போது அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே சிரிப்போடு செத்துப்போகிறார்கள். அவ்வளவுதான். துப்பாக்கிச் சத்தம் இல்லை, டிரம் அடி இல்லை, குரல் ஒரு மயிரிழைகூட உயரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் யாரைப் பார்த்தேன் என்று சொல்கிற தொனியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் தடவை கேட்கும்போது கொலை நடந்ததையே தவறவிடக்கூடிய வாய்ப்பு உண்டு.

அடுத்து ஊராருக்கு ஓர் எச்சரிக்கை: அவனிடம் வாலாட்டாதே, குறுக்கே போகாதே, துக்கத்தில் வெறி பிடித்துப்போய் இருக்கிறான், நாளைக்கு அவனே கிளம்பிப் போய்விடுவான். கவனியுங்கள், இரண்டு பேர் செத்துக் கிடக்கிறார்கள், பாட்டு கவலைப்படுவது சுட்டவனின் துக்கத்தைப் பற்றி. அது முடிந்த கையோடு, கிட்டாரில் நாலு சொட்டு விட்ட மாதிரி, 'ப்ளூ ஐஸ்' தொடங்குகிறது.

அந்த இடத்தில் வைத்துக் கேட்டால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி ஒலிக்கிறது. முத்தமிட்டு விடைபெற்றபோதே இனிச் சந்திக்க மாட்டோம் என்று தெரியும் என்கிறான். எங்கே முத்தமிட்டான், எங்கே விடைபெற்றான்? அவள் சொல்லாமல் போனாள், இவன் போய்ச் சுட்டான். இனிச் சந்திக்க முடியாமல் செய்ததே இவன்தான். ஒரு நாள் மேலுலகத்தில் கைகோத்து நடப்போம் என்கிறானே, அவள் கை கொடுப்பாளா? மறுமையிலும் அவள் தன்னோடுதான் நடப்பாள் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை. தான் செய்ததைத் தன் நினைவிலிருந்தே அழித்து, அந்த இடத்தில் ஒரு காதல் பிரிவை எழுதிக்கொள்கிறவனின் பாட்டு இது. ஃப்ரெட் ரோஸ் இப்படி நினைத்து எழுதவில்லை, ஏகஃப் இப்படிப் பாடவும் இல்லை. வெறும் வரிசையை வைத்தே வில்லி இதைச் செய்திருக்கிறார்.

சரி, கதை அதோடு நிற்கவில்லை. தலைப்புப் பாட்டு வருகிறது. அது எடித் லிண்டெமனும் கார்ல் ஸ்டட்ஸும் எழுதிய 1950களின் பாட்டு. ஃபோர்ட் வொர்த்தில் ரேடியோவில் வேலை பார்த்த காலத்தில் வில்லி குழந்தைகளுக்காக ஒலிபரப்பியதும், வீட்டில் தன் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பாடியதும் இதைத்தான். கதை இதோ: கறுப்புக் குதிரையில் வரும் அந்நியன் கூடவே இன்னொரு செந்நிறக் குதிரையையும் நடத்திக்கொண்டு வருகிறான். செத்துப்போனவளின் குதிரை அது. மஞ்சள் முடிக்காரி ஒருத்தி அதன் மேல் ஆசைப்பட்டுக் கை வைக்கிறாள். சுட்டுவிடுகிறான். அவளைப் பொழுது சாயும்போது புதைக்கிறார்கள், அவனை விட்டுவிடுகிறார்கள். குதிரையைத் திருட வந்த பொம்பளையைக் கொன்றதற்கு ஒருவனைத் தூக்கிலா போட முடியும் என்று பாட்டு நியாயம் பேசுகிறது. பிள்ளைகள் எப்படித் தூங்கினார்களோ!

இதற்குப் பிறகு முதல் பக்கம் எதில் முடிகிறது தெரியுமா? 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்கிற கிறிஸ்தவ ஞானப்பாட்டில். தேவாலயம் போகிற தமிழர்களுக்கு 'நான் பாவிதான், ஆனாலும் நீர்' என்று தெரிந்த அதே பாட்டுத்தான். அமெரிக்க நற்செய்திப் பிரசங்கி பில்லி கிரஹாமின் கூட்டங்களில், மனம் திரும்புகிறவர்கள் எழுந்து முன்னால் வாருங்கள் என்று அழைக்கும்போது பாடப்பட்டது. இங்கே அதற்குச் சொல்லே இல்லை. பாபியின் பியானோ முன்னால் நிற்க, மெட்டு மட்டும் வருகிறது. மூன்று கொலை செய்த போதகர், பாவ அறிக்கைப் பாட்டு, ஆனால் அறிக்கை செய்ய வாயைத் திறக்கவில்லை. இந்த ஆல்பத்திலேயே மிகக் கூர்மையான இடம் என்று நான் சொல்வது இதைத்தான். வில்லி இதைத் திட்டமிட்டாரா, இல்லை சின்ன வயதிலிருந்து அக்காவும் தம்பியும் கோயிலில் வாசித்த பாட்டு என்று போட்டாரா என்கிற கேள்விக்குள் நான் போகவில்லை. வைத்த இடம் பேசுகிறது.

இரண்டாம் பக்கத்தில் எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. டென்வரில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான், ஆடுகிறார்கள், 'ஓவர் தி வேவ்ஸ்' என்கிற மெக்சிகோ வால்ட்ஸ் வருகிறது (அது அபாரம், அதற்காகவே இரண்டாம் பக்கத்தை மன்னிக்கலாம்), உன் கைகளில் தூங்கட்டுமா என்று கேட்கிறான். கடைசியில் 'ஹேண்ட்ஸ் ஆன் தி வீல்' பாட்டில் ஒரு கிழவர், ஒரு குழந்தை, ஓர் அமைதி. தனிப் பாட்டாக அதைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை. கதையாகப் பார்த்தால், அவன் எதையும் கொடுக்காமலே எல்லாம் கிடைத்துவிடுகிறது. தண்டனை வேண்டும் என்று கேட்கவில்லை. செத்தவர்கள் பெயரை ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

'இது பழைய பாணிக் கொலைப் பாட்டு, இதில் போய் நீதி நியாயம் பார்க்கிறாயே' என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். கொலைச் சிந்து பாடி, அச்சடித்து, சந்தையில் விற்ற ஊர்க்காரர்களுக்கு அது தெரியாதா? கொலையைப் பாடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. என் சந்தேகத்துக்குக் காரணம் வில்லியே ஒரு வருஷம் முன்னால் செய்த ஆல்பம். 1974இல் வந்த 'ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்'. அதுவும் உடைந்த கல்யாணத்தின் கதைதான். அதில் முதல் பக்கம் முழுக்க அவள் பார்வை, இரண்டாம் பக்கம் முழுக்க அவன் பார்வை. கல்யாணத்தை விட்டுக் கிளம்புகிறவளின் மனசுக்குள் இவ்வளவு தூரம் போகத் தெரிந்த ஆள், அடுத்த வருஷம் அதே மாதிரி கிளம்பிப் போனவளுக்கு ஒரு சிரிப்பு மட்டும் கொடுத்துக் கொன்றுவிடுகிறார். அவள் ஏன் போனாள்? ஆல்பத்தில் பதில் இல்லை. அவளுக்கு ஒரு வரி இல்லை. இரண்டில் எது பெரிய ஹிட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும் நான் இந்த ஆல்பத்தை விடுவதாக இல்லை. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த ஒலிதான் காரணம். வயலின் எழும்பியிருந்தால் இது நாடகம் என்று நமக்கு ஞாபகம் வந்திருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று தீர்ப்பு சொல்லியிருப்போம். இங்கே தள்ளி நிற்க இடமே இல்லை. குரல் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, உரக்கப் பேசுவதில்லை, எதையும் மறைப்பதாகவும் தெரியவில்லை. அப்படிப் பேசுகிற ஆளை நாம் நம்பிவிடுகிறோம். முப்பத்து சொச்சம் நிமிஷத்தில் மூன்று பேரைக் கொன்றவனுக்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 1986இல் வில்லியே நடித்து இதைப் படமாக எடுத்தார்கள். அது ஆல்பத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. திரையில் மனைவிக்கு ஒரு முகம் வந்துவிட்டது. முகம் வந்தபின் அவளைக் கொன்றவனோடு சேர்ந்து உருக முடியுமா?

கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஷஃபிளை அணைத்துவிடுங்கள். 2000இல் வந்த மறுபதிப்பில் கடைசியில் நாலு உபரிப் பதிவுகளை ஒட்டியிருக்கிறார்கள், செயலிகளில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். 'பண்டேரா' என்கிற வாத்திய இசை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், ஆல்பம் அங்கே முடிந்துவிட்டது. முடிந்தால் அன்றைக்கே 'ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்' முதல் பக்கத்தையும் போட்டுக் கேளுங்கள். பிறகு வந்து என்னோடு சண்டை போடுங்கள், பதில் சொல்கிறேன்.